கன்றும் பிள்ளையும்

வெள்ளைக்கார வக்கீல் ஒருவரிடம் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தேக்கா வட்டாரத்தில் மாடு வளர்த்த ஒரு பெண் அவரைப் பார்க்க வந்தாள். அவளுடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், பக்கத்துக் கொட்டகையில் கன்று ஈன்றுவிட்டது. தன் இடத்தில் பிறந்த கன்று தனக்கே என்றானாம் கொட்டகைக்காரன்.

"பசு யாருடையதோ, கன்றும் அவருக்குத்தான்" என்று வக்கீல் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "அப்ப நான் பெத்த புள்ள மட்டும் எப்படிங்க அப்பனுக்கு? என் புருசன் பிரிச்சு அவரு அக்கா வீட்டுல விட்டுட்டாரு. தொரைகிட்டக் கேளுங்க."

கேட்டேன். சட்டம் தகப்பன் பக்கம்தான் என்றார் வக்கீல். ஆனாலும் அவள் கணவனைக் கூப்பிட்டு, அவள் கேட்டதை அப்படியே அவனிடம் என்னைச் சொல்லச் சொன்னார். அவன் வந்ததும் சொன்னேன்.

கன்று முதலில் வந்தது. சில நாளில் பிள்ளையையும் கணவனே கொண்டுவந்து விட்டான். எது அவன் மனத்தை மாற்றியது என்று எனக்கு இன்றும் தெரியாது.