லேப் மூலையில் ஒரு மூச்சுக்குழாய்

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். அதைக் கேட்டு நடுங்குகிறவர்களைக் கண்டால் இன்னும் இளக்காரம். இப்போது அந்த வரிசையில் நானும் நிற்கிறேன். என்ன செய்வது, நடந்தது நடந்ததுதான்.

வல்லம் வடகால் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு வேலை. சுற்றிலும் கம்பெனிகள், நடுவில் நாங்கள். ஊர் வரலாற்றை இணையத்தில் தேடி எழுதுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். யாருக்கு? முதலில் வருகிற பக்கத்தை அப்படியே ஒட்டி, அதிலிருக்கும் விளம்பரத்தையும் சேர்த்துக் கொடுக்கிற மேதைகளுக்கு! அதனால் ஒரே விதி வைத்தேன். லிங்க் இல்லையா, பூஜ்யம்.

வேல்விழி என்ற மாணவி மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள். 'இந்த லேப் இருக்கும் இடத்தில் எங்கள் கிணறு இருந்தது. மூச்சுக்குழாய் விட்டு மூடினார்கள். ஆதாரம்: அப்பா.'

வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு.

லேப் மூலையில், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கும். கிணற்றை மூடினால் அது மூச்சுவிட வழி வைக்க வேண்டுமாம். என்ன ஒரு விஞ்ஞானம்! என் கைக்குட்டையைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்தேன்.

"வோணாம் சார், எடுத்துடுங்க. அதுக்கு மூச்சு முட்டும்" என்றாள் வேல்விழி.

"எதுக்கு?"

"கெணத்துக்கு."

மறுபடியும் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல பெயிலானா வீட்டுல படிப்ப நிறுத்திட்டு கம்பெனி லைன் வேலைக்கு அனுப்பிடுவாங்க சார்."

"அப்போ உங்கப்பாவையே லிங்க் போடச் சொல்லு" என்றேன்.

மாலை 5.40. எல்லோரும் போய்விட்டார்கள். நான் தனியாக மார்க் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேல்விழி… பூஜ்யம்.

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் புழுங்கியது. காலர் பொத்தானைக் கழற்றினேன்.

மூலையில் ஒரு சத்தம்.

ஹ்ஹ்ம்… ஹ்ஹ்ம்…

எலி என்று நினைத்தேன்.

பாடத்துக்காகத் திறந்த செயற்கைக்கோள் படம் எதிரே திரையில் இருந்தது. ஆண்டைப் பின்னால் நகர்த்தினால் அந்த இடம் பழையபடி தெரியும். நான் தொடவில்லை. தானாக நகர்ந்தது. 2023… 2016… கட்டடம் போனது. வயல் வந்தது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம்.

எல்லாத் திரைகளிலும்.

மூச்சை இழுத்தேன். வரவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயிடம் போனேன். கைக்குட்டையின் நுனி தெரிந்தது. இழுத்தேன்.

உள்ளே இருந்தும் இழுத்தது.

விட்டுவிட்டேன்.

சர்ர்ர்… துணி உள்ளே போய்விட்டது.

பிறகு ஒரு மூச்சு. நீளமாக… ஈரமாக… என் முகத்தில்.

அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

பயந்துபோய்ப் பூஜ்யத்தை அழித்தேன். முழு மார்க் போட்டேன். லிங்க் கேட்ட கட்டத்தில் ஆதாரமாக என் பெயரையே அடித்தேன்.

அடுத்த வாரம், கட்டடம் கட்டிய மேஸ்திரி பச்சையப்பன் வந்தார். குழாய் எவ்வளவு ஆழம் போகிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். அன்று வகுப்பில் நான் சிரித்த அதே சிரிப்பு.

"ஆழமா? ஊர்க்காரங்க கத்தினாங்கன்னு சும்மா நட்டு வச்சது சார். கீழ ஓட்டையே வுடல. ஃபுல்லா கான்கிரீட்டு."

நான் நம்பவில்லை. குழாயை அறுக்கச் சொன்னேன். அடியில் சிமென்ட் தரை. எறும்பு நுழையக்கூட இடமில்லை.

என் கைக்குட்டை மட்டும் அங்கே இல்லை.