இரண்டு கணினிக்கு ஒரே விலாசம்

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தபோது, கணினி பார்க்க ஹட்டனிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், கழற்றும் திருகாணியையெல்லாம் உதட்டில் கவ்விக்கொள்வார். பழைய கணினியில் நெட்வொர்க் கார்டு போட்டும் அது ஆபீசுக்கு வாங்கிய புதுக் கணினியோடு இணையவில்லை. புதியதில் இருந்த நெட்வொர்க் விலாச இலக்கங்களையே நான் இதிலும் அடித்து வைத்திருந்தேன்.

திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். “ரெண்டுக்கும் ஒரே விலாசம் குடுத்திருக்கீங்கய்யா. எது யாருக்குன்னு எப்படித் தெரியும்? நாங்க இருந்த தோட்டத்து லயத்துலயும் வரிசையா இருக்குற இருபது வீட்டுக்கு ஒரே விலாசந்தான். எனக்கு வந்த இன்டர்வியூ கடுதாசி தோட்டத்து ஆபீசுலயே கெடந்து, நாள் முடிஞ்சுதான் கைக்கு வந்துச்சு” என்றார், கோபமே இல்லாமல்.

புது இலக்கத்தை எழுதி ஒட்டத் துண்டுக் காகிதம் கேட்டார். மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். லயத்து ஆட்களுக்கு வந்து, நான் இன்னும் கொடுத்தனுப்பாத கடிதங்கள் மேலேயே கிடந்தன. அவரும் பார்த்தார்.

அவருடைய கடுதாசி எந்தத் தோட்டத்து ஆபீசில் கிடந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.