பன்னிரண்டாவது ஆளுக்கு எடுத்த அக்கினிச்சட்டி

சித்திரை வெயிலில் தார் உருகும் வாசனை வந்தால் எனக்கு இன்றும் அம்மாவின் வெறுங்கால்கள்தான் நினைவுக்கு வரும். சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கும் வேலைக்குப் போன வாழைக்காய் மண்டிக்கும் அந்தக் கால்களோடுதான் அவள் நடந்தாள். அவள் நிழல் பார்த்துத் தாவும்போதெல்லாம், செருப்புப் போட்டிருந்த நானும் கூடவே தாவுவேன்.

எனக்கு விவரம் தெரியும் முன்பே அண்ணனைத் தாய்மாமா ஜிம்பாப்வேக்கு, தன் மளிகைக்கடைக்குக் கூட்டிப்போயிருந்தார். கடையில் நின்ற நேரம் போக கிரிக்கெட் மட்டை பிடித்தவன், அங்கே ஒரு மாகாண அணியில் சேர்ந்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். அடுத்தது நாட்டு அணிதான் என்று மாமா போனில் சொன்ன அன்றே அம்மா வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை நாட்டுக்காக ஆடினால் அக்கினிச்சட்டி, அதுவரை காலில் செருப்பில்லை.

அண்ணனின் ஆட்டமோ ஒரு வருடம் சதம், மறு வருடம் அணியிலேயே இல்லை என்று இழுத்துக்கொண்டே போனது. நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் அவனைவிட இளையவன் யாராவது முந்திக்கொண்டான். அம்மாவின் குதிகால் பாளம் பாளமாக வெடித்தது.

ஒரு திருவிழா வாரத்தில் மாமா கூப்பிட்டார். "அக்கா, பய பேரு வந்துருச்சு. நீ சட்டிய எடுத்துரு."

மஞ்சள் சேலை கட்டி, கையில் நெருப்பு கனன்ற சட்டியோடு அம்மா போக, வேப்பிலையுடன் நான் பின்னால் ஓடினேன். வரும் வழியில் புதுச்செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் "பிரவுசிங் சென்டர்" போய்ப் பார்த்துவந்த அப்பாதான், அண்ணன் பன்னிரண்டாவது ஆள், மட்டையே பிடிக்கவில்லை, ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் தூக்கிப் போனதோடு சரி என்றார். தண்ணி தூக்கவா பிளேன் ஏறினான், வைகை அணையில் இல்லாத தண்ணியா என்று தெரு சிரித்தது. "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையே" என்றார் அப்பா.

அதன்பின் அண்ணனுக்கு அழைப்பே வரவில்லை. நேர்த்தியை முந்திச் செலுத்தித் தானே பிள்ளையைக் கெடுத்துவிட்டதாக நம்பிய அம்மா, அந்தச் செருப்பைக் கழற்றினாள்.

முழங்கால் தேய்ந்து, ஆட்டத்தை விட்டுவிட்டுப் போன வருடம் ஊருக்கு வந்த அண்ணன், வாசலில் அம்மாவின் காலைத்தான் முதலில் பார்த்தான். அவள் அழுதுகொண்டே, அவசரப்பட்டுவிட்டேன் என்றாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"ஆடப்போற பதினோரு பேர்ல எனக்கு எடமில்லன்னு அப்பவே தெரியும்மா. ஒங் காலு வெந்துக்கிட்டு கெடக்குன்னு இந்தா நிக்கிறாளே தங்கச்சி, இவதான் போன்ல சொன்னா. அதான் மாமாவ அப்படிச் சொல்லச் சொன்னேன்."

பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மண்டியும் ஊருக்கு வெளியே போய்விட்டது. அண்ணன் வாங்கிக் கொடுத்த செருப்பு மட்டும் பெட்டியோடு பீரோவுக்கு மேலே இருக்கிறது. ஒருநாள் போட்டுப் பார்த்தாள். காலுக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டதாம், நடக்க வரவில்லை என்று கழற்றி வைத்துவிட்டாள்.