வலப்பக்கம் திரும்பினால் வாற சத்தம்

டொக்டரிட்டைப் போனால் வருத்தம் ஒளிச்சுக்கொள்ளும், கராஜுக்கு வந்தால் கார்ச் சத்தம் ஒளிச்சுக்கொள்ளும். நாரந்தனையில் கராஜ் வைத்திருந்த எனக்கு, ஒளிச்சதைத் தேடிப் பிடிக்கிறதுதான் தொழில். பழைய கார் வைத்து அழுந்தினவர்களுக்கு இது விளங்கும்.

கொழும்புக்குப் பாதை திறந்த சமாதான காலத்தில், முன்சில்லு இழுக்கிற ஜப்பான் கார்கள் எங்கடை தீவுப்பக்கமும் வரத் தொடங்கின. அந்தக் கார்களில் சில்லுக்குப் போகிற அக்சிலின் நுனியில் ஒரு மூட்டு இருக்கும். அதை மூடியிருக்கிற றப்பர் உறை கிழிந்தால் கிறீஸ் வெளியே போகும், மணல் உள்ளே போகும், மூட்டுத் தேயும். நேரே ஓடினால் ஒன்றும் தெரியாது. முழுக்க வெட்டித் திருப்பினால்தான் சத்தம் வரும்.

என்ன சத்தம்?

அன்ரன் அண்ணை வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். காரை நிற்பாட்டினதும், 'டக் டக்' என்று நாக்கைத் தட்டிக் காட்டினார். பக்கத்திலிருந்த அவருடைய மனுசி மேரி அக்கா, அப்பிடியில்லை, 'கடக் கடக்' என்றா. இரண்டு பேரும் மாறி மாறிச் சத்தம் போட, றோட்டால் போன ஆடு ஒன்று நின்று பார்த்தது.

நான் கீழே படுத்துப் பார்த்தேன். உறை கிழிந்து, சில்லின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தது. எப்ப தொடங்கினது என்று கேட்டேன். இண்டைக்குக் காலமை என்றார் அண்ணை. அக்கா என்னைப் பார்த்துச் சொன்னா: "தபசுகாலம் தொடங்கேக்கையே நான் சொன்னனான், தம்பி, இப்ப உயிர்த்த ஞாயிறும் முடிஞ்சுது. இவருக்கு நான் கத்திறதே கேக்காது, கார் முனகிறது எங்கை கேக்கப்போகுது?"

வெறுங்காணியில் வட்டம்

எந்தப் பக்கத்து மூட்டு என்று அறிய, ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டி மெல்ல மெல்ல வட்டமடிக்க வேண்டும். ஒருநாள் ஒரு வெறுங்காணியில் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சென்றியில் காவலுக்கு நின்ற நேவிக்காரன் துவக்கோடு வந்து மறித்தான். எனக்குச் சிங்களம் ஓடாது. சில்லைக் காட்டி, "டக் டக் டக்" என்றேன். துவக்கு வைத்திருக்கிறவனுக்குச் சொல்லக்கூடிய சொல் அதில்லை என்று, சொன்ன பிறகுதான் விளங்கியது. அவன் துவக்கை இறுக்கிப் பிடித்தான்.

கொஞ்சநேரம் சில்லையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு தானே முன்சீற்றில் ஏறி, காரை ஓடு என்று கை காட்டினான். தலையை வெளியே நீட்டி, கண்ணை மூடிக் கேட்டான். மற்றப்பக்கம் திருப்பச் சொல்லி அதையும் கேட்டான். இறங்கும்போது தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னான்: "இந்தப் பக்கம் நல்லம். அந்தப் பக்கம் சத்தம். நீ மெக்கானிக், தெரியாதா?"

வலப்பக்கம் வேண்டாம்

வேலணைச் சிவலிங்கம் அண்ணையின் காரில் வலத்துக்குத் திருப்பினால் மட்டும் சத்தம். வலத்துக்குத் திருப்பேக்கை பாரம் இடத்துக்கு வாறது, இடப்பக்க மூட்டு முடிஞ்சுது, மாத்துங்கோ என்றேன். அவர் அதைவிட லேசான வழி கண்டுபிடித்தார். வலத்துக்குத் திருப்புவதை விட்டுவிட்டார். எதிர்வீட்டுக்குப் போகவும் இடப்பக்கமே திருப்பித் திருப்பி ஊரைச் சுற்றி வந்தார்.

மகளின் கலியாணம் நயினாதீவுக் கோயிலில். குறிகட்டுவான் துறையில் படகு பிடிக்க, கலியாணப் பொம்பிளையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். முன்சீற்றில், முதல்நாள் வேலணைக்கு ஒரு பூசைக்கு வந்திருந்த நயினாதீவு ஐயர்; கலியாணத்தை நடத்திவைக்க வேண்டியவரும் அவர்தான். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால். புங்குடுதீவுப் பாலத்தின் நடுவில் 'கடார்' என்றது. எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. மூட்டு உடைந்துபோய்விட்டது.

தாய் அழத் தொடங்கினா. பொம்பிளை சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ள இறங்கினாள். சிவலிங்கம் அண்ணை முகூர்த்தம் போகுது, முகூர்த்தம் போகுது என்று காரைச் சுற்றி ஓடினார். அந்த அந்தரத்திலும் இடப்பக்கமாகத்தான் சுற்றினார். நல்லகாலம், பின்னால் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போகிற பஸ் வந்தது. எல்லாரையும் ஏற்றினேன், படகும் பிடித்தார்கள், தாலியும் ஏறியது. பஸ்சில் ஏறமுதல் ஐயர் மட்டும் ஆறுதலாகச் சால்வையை உதறினார்: "ஏன் அந்தரப்படுறீர்? நான் இஞ்சை நிக்கேக்கை முகூர்த்தம் தனியப் போய் அங்கை என்ன செய்யும்?"

தேய்ஞ்ச மூட்டுக்குக் கொழும்பிலிருந்து சாமான் எடுப்பிக்கலாம், ஆனால் ஸ்ரியறிங் பிடிக்கிற ஆக்களுக்கு உதிரிப்பாகம் இன்னும் ஜப்பான்காரனும் செய்யவில்லை.