கொம்பு ஒடிந்த மாட்டைச் செதுக்கியவர்

ஏகாம்பரம் இறந்துவிட்டார் என்ற செய்தி என் மகள் செல்வியின் அழுகையோடு போனில் வந்தது. திண்டிவனத்தில் என் சைக்கிள் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். "அப்பா, சித்தப்பா போய்ட்டாரு" என்றவள் மேலே பேச முடியாமல் விம்மினாள். எனக்கு ஒன்று நேர்ந்தால் இப்படி அழுவாளா என்று அந்த நேரத்திலும் தோன்றியது. கடையை மூடிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

அவர் என் சகலை. என் மனைவியின் தங்கை வள்ளியை மணந்தவர். விழுப்புரத்தில் ஒரு மரவாடியில் வேலை பார்த்தார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்கும் கடையில் வாங்கிய பொருளோடு போகமாட்டார். பலகையில் ஏதாவது ஒரு பிராணியைப் புடைப்பாகச் செதுக்கி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துவருவார்.

அந்த வழக்கத்தை எங்கள் குடும்பத்தில் தொடங்கியவன் நான். 1993இல் அவர்கள் கல்யாணத்துக்கு ஒரு மான் செதுக்கிக் கொடுத்தேன். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தேய்ந்த அரத்தைத் தீட்டி உளியாக்கி, பழைய கதவுப் பலகையில் செய்தது. புதுமாப்பிள்ளை அந்த மானின் முதுகைத் தடவிக்கொண்டே, "இத எப்புடி சகல பண்ணீங்க?" என்று கேட்டார். மானைச் சுற்றியிருக்கும் மரத்தை வெட்டி இறக்கினால் மான் மேலே நிற்கும் என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அடுத்த பொங்கலுக்கு அவர் ஒரு முயலோடு வந்தார். அது ஓடத் தயாராக இருந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மரவாடியில் அவருக்குத் தேக்கும் பூவரசும் துண்டு துண்டாகக் கிடைத்தன. எனக்குக் கிடைத்ததெல்லாம் பழைய கதவும் பெட்டிப் பலகையும்தான். இதை யாரும் யோசிப்பதில்லை. ஒலக்கூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு நான் ஒரு குதிரை கொண்டுபோனேன். வீட்டுக்காரர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "ஏகாம்பரம் வர்லியா?" என்று வாசலைப் பார்த்தார்.

செல்வியின் கல்யாணத்திலாவது நான் முந்த வேண்டும் என்றிருந்தேன். பெற்ற மகள் புகுந்த வீட்டுச் சுவரில் அப்பன் கை வேலைதான் தொங்க வேண்டும். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு யானை செய்தேன். பலகையிலிருந்து கட்டைவிரல் உயரத்துக்கு எழுந்து நிற்கும் யானை. கல்யாணத்தன்று சகலை செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே ஒரு மாடு. ஒரு கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது. செல்வி சின்ன வயதில் புல் போட்டு வளர்த்த எங்கள் வீட்டு மாடு அது. விற்றுப் பல வருடமாகியிருந்தது. "ஐயோ, நம்ம செவல" என்று மணக்கோலத்தில் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் அவரைப் பந்தலுக்கு வெளியே அழைத்துப்போனேன்.

"கல்யாணத்துக்குக் கொம்பு ஒடஞ்ச மாட்டையா சகல குடுப்பாங்க? முழுக் கொம்பாப் போட்டா கை நோவுமா?"

"முழுசாப் போட்டா வேற வூட்டு மாடாப் பூடும் சகல."

"முன்னங்காலும் ஒல்லி. அந்த ஒடம்பு அதுல நிக்காது."

அவர் "ஆமா" என்றார்.

மங்கல காரியத்துக்கு ஒடிந்த கொம்பு ஆகாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் காணை கிராமத்தில் என் மகள் வீட்டுக் கூடத்தில் தொங்குவது அந்த மாடுதான். யானை பீரோ மேல் இருக்கிறது. கனம் அதிகமாம்.

சாவு வீட்டில் மரவாடி ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சாமி கொடுத்த கை என்றார் ஒருவர். அவர் செய்த எதிலும் குறை சொல்ல முடியாது என்றார் இன்னொருவர். "கால் வராது அவருக்கு" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அதற்குப் பின் நான் அங்கே உட்கார்ந்திருந்ததே பெரிது.

எல்லாம் முடிந்து உறவுகள் கலைந்தபின் வள்ளி என்னை உள்ளே கூப்பிட்டாள். ஜன்னலடியில் பாதி வேலையில் ஒரு பலகை இருந்தது. ஓர் எருமைக்கன்று. செல்வியின் மகள் கயிறு பிடித்துக்கொண்டு திரியும் கன்று. அந்தக் குழந்தையின் காதுகுத்துக்காகச் செய்துகொண்டிருந்தாராம். முகமும் உடலும் முடிந்திருந்தன. கால்கள் பென்சில் கோடாக நின்றுவிட்டன. அழித்து அழித்துப் போட்டதில் அந்த இடம் கறுத்திருந்தது.

"தெனமும் இந்தக் காலத்தான் போட்டுப் போட்டுப் பாத்துக்கினு இருந்தாரு மாமா. மத்தவங்கல்லாம் நல்லாருக்குன்னுட்டுப் பூடுவாங்க, சகல வந்தா நேரா காலப் பாப்பாரும்பாரு. உங்களுக்குத்தான் பயப்படுவாரு."

நான் கன்றின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிய காது. மரம் அவ்வளவு மெல்லிசாக எப்படி இறங்கும் என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. இன்று அவர் எழுந்து உட்கார்ந்தாலும் கேட்கமாட்டேன்.

"நீங்களே முடிச்சிக் குடுங்க மாமா" என்றாள் வள்ளி.

முடியாது என்றேன். அவர் செய்த முகத்துக்குக் கீழே நான் கால் வைத்தால், பார்க்கிறவர்கள் முகத்தைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். பலகையை அப்படியே எடுத்துப் போகும்படி செல்வியிடம் சொல்லிவிட்டேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். அதே கன்றை நானும் செதுக்குவேன். கூடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்க வேண்டும். சரி என்று தலையாட்டியிருக்கிறாள். முடிக்காமல் போனது அவர். அதற்காக நான் கையை அடக்கிச் செய்யமாட்டேன்.

கடையில் காலை வெயில் விழும் இடத்தில் பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். என் கன்றின் கால்கள் தரையில் ஊன்றி நிற்கின்றன. எவரும் வந்து பார்க்கலாம். முகமும் ஏறக்குறைய வந்துவிட்டது. ஒரு காது பிளந்துபோனதால், அதை அங்கேயே விட்டுவிட்டு வேறு பலகையில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

போய் வாருங்கள், சகல. காது எனக்கும் வரும்.