மணியில் செய்த மந்திரங்கள்

என் அண்ணனுக்குப் பேச்சு திக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை வெளியே தெரியாமல் மூடிவைக்க எங்கள் அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று தங்கவயலில் நாங்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் யாராவது பழமொழியை எடுத்துவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழமொழி சொல்கிறவர்கள் என்றைக்குமே வாயுள்ளவர்கள்தான். எனக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. "அவனுக்கு வர வேண்டியதையும் சேத்து நீயே வாங்கினு வந்துட்டியே" என்று அம்மா என்னைத் திட்டுவாள். திட்டினாலும் அண்ணன் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை முடித்துவைப்பதில் எனக்கும் அம்மாவுக்கும் போட்டிதான்.

அண்ணனுக்குச் சுரங்கத்தில் மணி அடிக்கிற வேலை. ஆட்களைச் சுரங்கக் கிணறான ஷாஃப்டில் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டை நாங்கள் கேஜ் என்போம். பூமிக்கடியில் ஒரு லெவலில் நின்று இவன் மணி அடிப்பான். மேலே இஞ்சின் ரூமில் இருப்பவர் அதைக் கேட்டு கேஜை நகர்த்துவார். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, ஏறுவது ஆட்கள் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று. இத்தனை பேர் உயிரும் அவன் கையில் தொங்கும், ஒருநாளும் தடுமாறியதில்லை. மணியில் அவனுக்குத் திக்காது.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் புதுப் புரளி கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு எனக்கு அங்கே ஒரு ரகசிய வேலை இருந்தது. ஒரு விளையாட்டு எழுதினேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கு விற்பது என்ற யோசனையும் இல்லை. கையில் ஒரு மெஷின் இருந்தது, தலைக்குள் ஒரு மந்திரக்காரி இருந்தாள், அவ்வளவுதான்.

மலை விழுங்கிவிட்ட மழையைத் தேடி அந்த மந்திரக்காரி லெவல் லெவலாகக் கேஜில் கீழே இறங்குவாள். கூட விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு விளக்குக்காரன் வருவான். அரக்கன், பூதம் என்று யாரையும் நான் வைக்கவில்லை. மலைக்குக் கோபம் வரும், அது போதும். எங்கள் ஊரில் பூமிக்கடியில் பாறை வெடித்து ஏர்பிளாஸ்ட் வந்தால் அலமாரியில் பாத்திரம் ஆடுமே, அதேபோல் திரை ஆடும். ஆயத்த மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. விளையாடுகிறவர்கள் தாங்களே மந்திரம் செய்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அதற்கு வார்த்தைகளை டைப் அடிக்கும்படி வைத்திருந்தேன். ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்த அண்ணன் பின்னால் நின்று பார்த்தான்.

"மந்திரத்த எதுக்கு வா... வார்த்தையில சொல்லணும்?" என்றான். பிறகு மேசையில் விரலால் தட்டிக் காட்டினான்.

அன்றைக்கு மாறியதுதான் விளையாட்டு. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மணி ஒலிக்கும். முதல் தட்டல்கள் யார் மீது மந்திரம் என்று சொல்லும், அடுத்தவை என்ன செய்ய வேண்டும் என்று, கடைசி எவ்வளவு பலமாக என்று. சேர்த்துச் சேர்த்து ஆளுக்கொரு மந்திரம் செய்யலாம். அண்ணன் செய்த மந்திரங்களைப் பார்த்தால் இவன் எங்கே இத்தனை நாளாக இதையெல்லாம் வைத்திருந்தான் என்று தோன்றும். காற்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புகை சூழ்ந்த இடத்தில் பிரித்து விடுவான். மலைக்குக் கோபம் வரும்போது சுவரை மெதுவாகத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பான். அப்படி ஒன்று நடக்கும் என்று நானே எழுதவில்லை. காற்றுக்கும் கல்லுக்கும் எழுதிய விதிகளைக் கலந்து அவனாகக் கண்டுபிடித்தான். என் வகுப்புப் பிள்ளைகளும் ஆடினார்கள். ஒரு குறும்புக்காரி மந்திரக்காரியைத் தலைகீழாக மிதக்கவிட்டு, அப்படியே கடைசி லெவல்வரை போய்விட்டாள்.

இதற்கு நடுவில் அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனபோது பெண்ணின் மாமா எந்த ஷிஃப்ட் என்று சாதாரணமாகக் கேட்டார். நைட் என்று சொல்வதற்குள் அண்ணனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். அம்மா பஜ்ஜித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அதன்பிறகு அண்ணன் வீட்டில் பேசுவதே அபூர்வமாயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவான். அவன் அப்படியே மௌனமாகிவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்குச் சுரங்கமும் மூடிவிட்டால் அந்த மணியும் இருக்காதே.

அப்போதுதான் குடியாத்தத்துப் பெண்ணின் போட்டோ வந்தது. எங்கள் தங்கவயலிலேயே நந்திதுர்க்கில் அவளுடைய அத்தை இருந்தார், அவர் மூலமாக வந்த சம்பந்தம். அண்ணன் போட்டோவை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இந்தப் பொண்ண ஏ... ஏமாத்த வேணாம்மா. சொல்லிடு."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றாள் அம்மா. "அவங்க வர்றப்போ நீ வாயத் தொறக்காத, அது போதும். இன்னா, பொண்ணு வேணாமா உனக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "வேணும்" என்றான். அந்த ஒரு சொல் திக்கவில்லை.

முறைப்படி நாங்கள்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மறுபடி பஜ்ஜித் தட்டு, மறுபடி மாமாக்கள், அது வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. பெண் அத்தை வீட்டுக்கு வந்திருந்ததால் நான் ஒரு யோசனை சொன்னேன். கம்ப்யூட்டர் கிளாஸ் விசாரிக்க வந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு வரட்டும். அந்த நேரம் அண்ணனும் தற்செயலாக அங்கே இருப்பான். விளையாட்டைப் போட்டுவிடுவோம். அண்ணன் விரலால் காட்டினால் போதும், அவன் மூளை எப்பேர்ப்பட்டது என்று அவளுக்கே தெரிந்துவிடும். பேச வேண்டிய அவசியமே வராது. அண்ணனுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்திருந்தான்.

வந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அத்தையும் வெளி அறையில் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டார்கள். பெண் உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு, போட்டோவில் இருந்ததைவிட அழகு. அண்ணன் பக்கத்து நாற்காலியில் ரூல் தடி மாதிரி விறைத்திருந்தான். நான் மந்திரம் செய்யும் விதத்தையும், கேஜை இறக்க இரண்டு தட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, அலமாரியை அடுக்குவதுபோல் நின்றேன்.

கெட்டிக்காரப் பெண். கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு மந்திரம் செய்து வழியில் கிடந்த பாறையைப் பஞ்சாக்கிவிட்டாள். அண்ணன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். பிறகு மந்திரக்காரியைக் கீழ் லெவலுக்கு அனுப்பினாள். இரண்டு தட்டினாள். கேஜ் இறங்கியது. கீழே ஒரே இருட்டு.

"விளக்குக்காரரு வரலியே" என்றாள். மேலே வந்து அவனைக் கேஜுக்குப் பக்கத்தில் நிறுத்தி மறுபடி இரண்டு தட்டினாள். மறுபடியும் அவன் மேலேயே நின்றுவிட்டான். இன்னொரு முறை. பலத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மந்திரக்காரிக்கு இரண்டே போதும், ஆனால் வேறு ஆள் ஏறுவதென்றால் முதலில் மூன்று மணி. அந்தக் குறிப்பைத் திரையில் எங்குமே நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. தங்கவயலில் பிறந்த எந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? என் வகுப்பில் ஒருத்திகூடக் கேட்டதில்லை. குடியாத்தத்தில் ஷாஃப்டும் இல்லை, கேஜும் இல்லை என்பது எனக்கு மறந்தே போயிற்று.

"பரவால்ல, அந்த ஆள விட்டுட்டே போங்க" என்றேன் அவசரமாக. "கீழ வேற வழி இருக்குது."

"அய்யோ, பாவம். அவர விட்டுட்டு எப்படிங்க போறது?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இன்னொரு முறை தட்டினாள்.

அண்ணனால் பொறுக்க முடியவில்லை. ஆளைக் கீழே விட்டுவிட்டு வருவதோ மேலே விட்டுவிட்டுப் போவதோ அவன் வாழ்க்கையில் நடக்காத காரியம். விரலால் காட்டப்போனான். ஒன்று, இரண்டு என்று காட்டலாம், 'ஆள் ஏறுவதற்கு முன்னால்' என்பதை எந்த விரலால் காட்டுவது? வாயைத் திறந்தான்.

"மொ... மொ..."

முகம் சிவந்தது, கண் இறுகியது. வெளி அறையில் அம்மாவின் பேச்சு சட்டென்று நின்றது. நான் ஓடிப்போய், "மொதல்ல மூணு..." என்று ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை, ஆனால் உறுதியாக. "இருங்க. அவரே சொல்லட்டும்."

சொல்லிவிட்டு ஸ்பேஸ் பாரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வாயைப் பார்க்காமல், கண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவனுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பொறாமையாக இருந்தது.

"மொதல்ல மூ... மூணு அடிக்கணும்" என்றான் அண்ணன். "ஆள் ஏ... ஏர்றாங்கன்னு மேல இருக்கறவருக்குத் தெரியணும். அப்போதான் மெ... மெதுவா வுடுவாரு. இல்லாங்காட்டி கல்லுன்னு நெனச்சுக்குவாரு."

"நெஜமான சொரங்கத்துலயும் அப்படித்தானா?"

"அங்கதான் அ... அப்படி."

"நீங்கதான் அடிப்பீங்களா?"

பிறகு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். கீழே எவ்வளவு சூடு, இருட்டில் சாப்பாட்டு டப்பாவை எலி எப்படித் திறக்கும், மலை முனகினால் எப்படித் தெரியும். திக்கித் திக்கித்தான் சொன்னான். சில இடத்தில் நின்றே போனான். அவள் காத்திருந்தாள். விளையாட்டு அது பாட்டுக்குக் கிடந்தது. நான் வெளி அறைக்கு வந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் இவ்வளவு பேசி அவளும் கேட்டதில்லை. பெண்ணின் அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லாமல் மறைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் கிளம்பினார்கள். வழியனுப்ப வாசல்வரை போன நானும் அம்மாவும் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். படியில் அவர் மகளிடம் சொன்னது எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"பையனுக்குப் பேச்சே வரலியேம்மா. இது நமக்கு வேணாம்."

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இதுவரிக்கும் என்னப் பாக்க எத்தினியோ பேரு வந்தாங்க நைனா" என்றாள் அந்தப் பெண். "எல்லாரும் உன்கிட்ட பேசிட்டுப் போனாங்க. இவரு ஒருத்தருதான் என்கிட்ட பேசினாரு."