பிலோமினா அக்காவின் பற்களில் நான் கண்ட கறை

செவ்வாய்க்கிழமை காலை, பாயான் பாருவில் உள்ள எங்கள் பல் கிளினிக்கில் வேலையாக இருந்தபோது பிலோமினா அக்காவின் கணவர் அழைத்தார். "போயிட்டாங்க, டாக்டர்" என்றார். வரும் என்று எனக்குத் தெரிந்த செய்திதான். எப்போதிலிருந்து தெரியும் என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருடம் என் உதவியாளராக இருந்தவர் அவர். வாய் கொப்பளிக்கும் தண்ணீரை மட்டும் நம்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒருமுறை தொழிற்சாலை ஊழியர் ஒருவர், "ஒரு நாளைக்கு மூணு தடவ கொப்பளிக்கிறேன்க்கா, பிரஷ் எதுக்குலா?" என்று கேட்டார். அக்கா அவரை அங்கேயே கொப்பளிக்க வைத்தார். பிறகு பற்களில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடியைக் கொடுத்தார். அழுக்குப் படலம் இருந்த இடமெல்லாம் சிவந்து தெரிந்தது.

"வாசம்தான் தம்பி மாறியிருக்கு. அழுக்கு அங்கயேதான் இருக்கு. மொதல்ல தேய்ங்க, அப்பறம் கொப்பளிங்க" என்றார். அந்த மனிதர் போகும்போது ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டு போனார்.

பல் பிடுங்கியவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் கடுமையான மருந்துத் தண்ணீர் ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்க மாட்டோம். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல் இடுக்குகளில் பழுப்புக் கறை ஏறிவிடும்.

போன வருடம் மதியச் சாப்பாட்டின்போது அக்கா முகமூடியைக் கழற்றினார். அந்தக் கறை அவர் பற்களில் இருந்தது. ஒரு பக்கமாகவே மென்று கொண்டிருந்தார்.

"என்னக்கா, பல்லு கறுத்திருக்கு?"

"கோப்பி டாக்டர், வேறென்ன" என்று சிரித்தார்.

கோப்பிக் கறை எது, இது எது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தே தலையாட்டினேன். அவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கும் பயம்தான்.

நான்கு மாதம் கழித்து அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண், தொட்டால் கல்லாக இருந்தது.

"தேய்ச்சா சுள்ளுனு இருந்துச்சு. அதான் கொப்பளிச்சே சமாளிச்சேன். ஒங்ககிட்ட காட்டுனா அதுக்கு ஒரு பேரு சொல்லிருவீங்கன்னு பயம், டாக்டர்."

பெயரை மருத்துவமனையில் சொன்னார்கள். தாமதம் என்றும் சொன்னார்கள்.

தேவாலயத்தில் பெட்டிக்குள் அவர் உதடுகள் இறுக மூடியிருந்தன. ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவன் நான். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற உங்களிடம் அன்று அதைச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டுப் போங்கள், அக்கா.